எந்த மண்ணில் கிடந்தது

11 ஏப்ரல் 1934, புதன்

பள்ளி விட்டதும் சோரியாங்குப்பம் போனேன். கலியம்மாள் தன் கரும்புக்கொல்லையில் கிணறு வெட்டுகிறார். சுவரில் அங்கங்கே எலும்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று யானைப் பல்! மேலே கருங்களி, நடுவில் சிப்பி மணல், அடியில் சரளை. பல் களியில் இருந்தால் ஏதோ கோயில் யானை. சரளையில் இருந்தால், கடல் இங்கே வந்து போனதற்கும் முந்தியது. இருட்டிவிட்டதால் சரியாகத் தெரியவில்லை. எதையும் தொடாதே என்று வெட்டுகிற மாரிமுத்துவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

12 ஏப்ரல், வியாழன்

பிரெஞ்சுப் பள்ளிக்கு வியாழன்தோறும் விடுமுறை. புதுச்சேரி போய் பிரெஞ்சுக்கார என்ஜினியர் துரையைப் பார்த்தேன். மண்ணடுக்கு படித்தவர் இந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். "எந்த அடுக்கு என்று நிச்சயமாகச் சொல், ஞாயிறு வருகிறேன்" என்றார். என் வீட்டுக்கு ஒரு மனிதர்! மனைவி சிவகாமி செத்த பிறகு இந்த வீட்டில் யார் வந்து உட்கார்ந்தார்கள்? நாற்காலி இரவல் வாங்க வேண்டும்.

13 ஏப்ரல், வெள்ளி

போச்சு. எல்லாம் போச்சு.

கலியம்மாள் எல்லா எலும்பையும் எடுக்கச் சொல்லி, பால் ஊற்றிக் கழுவி, ஒரே புதுச் சட்டியில் போட்டு மஞ்சள் துணி கட்டி வைத்திருக்கிறார், சுடுகாட்டில் எலும்பு பொறுக்குகிற மாதிரி. ஒட்டியிருந்த மண்கூட இல்லை.

"ஒரே கெணத்துல கெடந்தது, வாத்தியாரே. ஒரே உசுருதான? அங்கொண்ணு இங்கொண்ணா வுட்டா பாவம் இல்லியா?"

ஒரே உயிரா! பாதி மாட்டெலும்பு! எது எந்த மண்ணில் கிடந்தது என்று இனி எப்படித் தெரியும் என்று கத்திவிட்டேன். அந்த அம்மாள் முகம் சுண்டிப் போனது. மாரிமுத்துவைக் கேட்டால், "மேலயும் வந்துது, கீழயும் வந்துது" என்கிறான். இதைக் கொண்டுபோய் யாரிடம் சொல்லி அழுவது?

14 ஏப்ரல்

எலும்புச் சில்லுகளை நெருப்பில் காட்டினேன். சிலவற்றில் முடி கருகும் நாற்றம், புதிது. சிலவற்றில் நாற்றமே இல்லை, பழையது. ஆனால் எவ்வளவு பழையது? அதை மண்தான் சொல்ல வேண்டும்.

சரளை என்று சொல்லியனுப்பினால் துரை வருவார். யார் இல்லை என்பார்கள்? ஒரே ஒரு பொய். நாள் முழுக்க நாக்கு நுனியிலேயே இருந்தது.

15 ஏப்ரல், ஞாயிறு

தெரியாது என்று சொல்லியனுப்பினேன். துரை வரவில்லை. நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தேன்.

2 நவம்பர்

மழை. அந்தக் கிணறு நிரம்பிவிட்டதாம். இனி அடுக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. சமைக்கவில்லை.

19 மே 1935, ஞாயிறு

தண்ணீர் வற்றியதால் கிணற்றை ஆழப்படுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் எட்டிப் பார்க்கவில்லை. கோபம் ஒரு பக்கம்; கத்திய வெட்கம் ஒரு பக்கம்.

மதியம் மாரிமுத்து வந்தான். "அம்மா ஒங்கள கையோட இட்டாரச் சொன்னாங்க." போனேன். ஆட்கள் கரையேறி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்தே வேலை நின்றிருக்கிறது. கலியம்மாள் மட்டும் தலையில் ஈரத்துணி போட்டுக்கொண்டு, வெயிலில் கிணற்று விளிம்பில் காவலுக்கு நிற்கிறார்.

"கீழ இன்னொரு பல்லு தெரியுது, வாத்தியாரே. ஒருத்தரையும் தொட வுடல. எப்புடி இருந்துதோ அப்புடியே கெடக்குது, நீங்க வந்து பாருங்க. சாப்டீங்களா?"

இல்லை என்றேன்.

"பாத்துட்டு ஏறி வாங்க. வூட்ல சோறு இருக்குது."

இறங்கினேன். கண் கலங்கியதில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு பார்த்தேன். சிப்பிக்குக் கீழே, சரளையில்தான் இருந்தது.