அம்பாசிடருக்குள் யாருடைய கியர் பாக்ஸ்?

குள்ளஞ்சாவடி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதியது.

தோஹாவில் இருக்கும் அருமை மகன் கிளமென்ட்டுக்கு, உன் சித்தப்பா லூர்துசாமி ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் இங்கே மனுஷர் எல்லாரும் சுகம். சுகமில்லாதது உங்கப்பாவின் அம்பாசிடர் ஒன்றுதான். அங்கே உன் சுகத்தை மாதா பார்த்துக்கொள்வாள், சாப்பாட்டை நீ பார்த்துக்கொள்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதறான்னு சிரிக்காதே. போனில் உங்கப்பா பேரை எடுத்தாலே "சிக்னல் இல்ல சித்தப்பா"ன்னு வச்சிடறே. காகிதத்துக்கு சிக்னல் வேணாம். சின்னம்மாள் மகன் அங்கே வேலைக்கு வருகிறான், அவன் கையில் பண்ருட்டி முந்திரியோடு கொடுத்தனுப்புகிறேன். முந்திரி அத்தனையும் நானே நின்று பொறுக்கியது. இவ்வளவு பார்த்து எடுக்கிற ஆளை என் ஆயுசில் கண்டதில்லை, என் கடையிலேயே உட்கார்ந்துடுங்கன்னு கடைக்காரன் கெஞ்சினான். எனக்குத்தான் நேரமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கப்பா மைன்ஸ் வேலையில் ரிட்டயர் ஆனது உனக்குத் தெரியும். கம்பெனி குவார்ட்டர்ஸை அடுத்த மாதக் கடைசிக்குள் காலி பண்ணணும். கட்டில், பீரோ, உன் கேரம் போர்டு எல்லாம் என் வூட்டுக்கு வந்தாச்சு. வண்டி மட்டும் அங்கே மாமரத்தடியில் நிற்குது. ரெண்டாவது கியரில் மாட்டிக்கினு முன்னேயும் போகாது, பின்னேயும் போகாது.

டிராக்டர் வச்சு இழுத்துடலாம்ணேன்னு சொன்னேன். அவரோ, ஏலத்துல எடுத்து நான் ஓட்டிக்கினு வந்த வண்டி, ஓட்டிக்கினுதான் வெளிய போவும், அது போறவரைக்கும் நானும் வரமாட்டேன்னுட்டார். உங்கம்மா காலையில் பாத்திரத்தை மூட்டை கட்டறாங்க, மத்தியானம் சோறாக்க அதையே பிரிக்கறாங்க. அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. எனக்கு அதுதான் பயமா இருக்கு.

ரிப்பேர் பண்ணலாம்னா, அதில் இருப்பது எந்த வண்டியோட கியர் பாக்ஸ்னு ஒருத்தனுக்கும் தெரியலை. அம்பாசிடரோடது இல்லை, அது மட்டும் நிச்சயம். அதை மாட்டினவன் நீ. எங்கே பிடிச்சே, எதிலிருந்து கழட்டினேன்னு உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. உங்கப்பா நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து கதவைத் திறந்தா, ஸ்டியரிங்கில் இருந்த கியர் கம்பியைக் காணோம், தரையிலிருந்து புதுசா ஒண்ணு முளைச்சு நிற்குது. அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் பேசினதை நான் எழுதப் போறதில்லை. பேசினவங்களுக்கே ஞாபகம் இருக்கும்.

ஆனா ஒண்ணு சொல்றேன், கேளு. பழைய கியர் ஸ்டியரிங்கில் இருந்ததால முன் சீட்டில் மூணு பேர் உட்காரலாம். நடுவில் நீ. வேளாங்கண்ணிக்குப் போகும்போது காலை நீட்டிக்கினு, அப்பா கையோட சேர்த்து கியரைப் பிடிச்சுக்கினு, நான்தான் ஓட்டறேன்னு கத்துவே. சிதம்பரம் தாண்டறதுக்குள்ள தூங்கி அவர் தோளில் சாய்ஞ்சிடுவே. அவர் ஒத்தைக் கையால ஓட்டுவார். பின் சீட்டில் இருந்து நான் பார்த்திருக்கேன். இப்போ அந்தக் கம்பி நிற்கிற இடம் நீ உட்கார்ந்த இடம்ப்பா. இது உங்கப்பா சொன்னதில்லை. அவர் எதைச் சொன்னார்? நானா கண்டுபிடிச்சது.

கண்டுபிடிக்கிறதில் என் திறமை உனக்குத் தெரியாததில்லை. மைன்ஸில் கான்ட்ராக்ட்டில் இருந்தப்போ பெரிய வெட்டு மிஷின் நின்னுபோய் ஜெர்மன்காரன் தலையில் கை வச்சு உட்கார்ந்தான். நான் காதை வச்சுக் கேட்டு, மூணாவது பல்லில் கல்லுன்னேன். கல்லேதான். அன்னிக்கே விமானத்தில் ஏறச் சொன்னான். உங்க சித்தி விடலை.

அப்படிப்பட்ட எனக்கே இந்தப் பெட்டி பிடிபடலைன்னா பார்த்துக்கோ. மெக்கானிக் சசிகுமார் கீழே இறக்கிப் பார்த்துட்டு, உள்ளே பேரிங் உடைஞ்சிருக்கு, ரிவர்ஸ் விழற இடத்தைப் பார்த்தா ஜீப்புதாங்கன்னான். நான் பண்ருட்டிக்கு ஓடி ஜீப் பேரிங் வாங்கியாந்தேன். ஒரு நூல் பெரிசு, உள்ளே உட்காரலை. வடலூர் மெக்கானிக் அன்புச்செல்வன் வந்து, ஜீப்பாவது மண்ணாவது, கான்டெஸா காரோடதுன்னான். உன் கண்ணுல கான்டெஸா பூந்துட்டுதான்னு சசிகுமார் கேட்க, நீ ஜீப்பைக் கிட்டத்துலயாவது பார்த்திருக்கியான்னு அவன் கேட்க, நடுவில் நான், இது ரஷ்யா சரக்குன்னு தீர்ப்பு சொன்னேன். ரெண்டு பேரும் ஒத்துமையா சிரிச்சானுங்க.

அப்புறம் அன்புச்செல்வன், எதா இருந்தாலும் பெட்டி வார்ப்பில் கம்பெனி எழுத்து இருக்கும்னு சொல்லி, மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் போட்டுத் தேய்ச்சான். வருஷக்கணக்கான அழுக்குக்கு அடியிலிருந்து எழுத்து ஒண்ணொண்ணா எழும்பிச்சு. நாங்க எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள உங்கப்பா வந்தார். குனிஞ்சு பார்த்தார். இன்னிக்குப் போதும், நாளைக்குப் பாருங்கன்னு எல்லாரையும் அனுப்பிட்டார்.

மறுநாள் காலையில் நான்தான் முதலில் போனேன். எழுத்து இருந்த இடத்தில் மட்டும் கெட்டியா கிரீஸ் அப்பியிருக்கு. உங்கப்பா பனியனிலும் கிரீஸ், நகக்கண்ணிலும் கிரீஸ். துரு பிடிக்கும்னு தடவினேன்டான்னார். நான் ஒரு வார்த்தை பேசலை. லூர்துசாமி பேசாம நின்னான்னு ஊரில் சொன்னா எவனும் நம்ப மாட்டான். நீ நம்பு.

அன்புச்செல்வன் வந்து துடைக்கப் போனான். கை வைக்காதன்னு சொல்லிட்டார். அப்போ எப்படிங்க சரி பண்றதுன்னு அவன் கேட்டதுக்கு, மாட்டினவனுக்குத் தெரியும், அவன் வந்து கழட்டட்டும்னார். "வந்து" என்கிற வார்த்தையை அவர் வாயால சொன்னார் கிளமென்ட். கிணத்தடியில் துணி துவைச்சுக்கினு இருந்த உங்கம்மா கை அப்படியே நின்னுடுச்சு. இதில் நான் ஒரு எழுத்துகூடச் சேர்க்கலை. மத்ததில் கொஞ்சம் முன்னேபின்னே இருந்தாலும் இது சத்தியம்.

அதனால இதைப் படிச்ச உடனே, அது இன்ன வண்டியோடதுன்னு எனக்கோ, சசிகுமாருக்கோ, வேற யாருக்குமே போனில் அனுப்பிடாதேப்பா, உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். நீ அனுப்பினா பேரிங் வந்துடும், வண்டி கிளம்பிடும், அவரும் கிளம்பிடுவார், உன்னைக் கேட்க அவர்கிட்ட வேற எதுவும் இருக்காது. லீவு போட்டு வா. நேரா மாமரத்தடிக்கு வா. அவரே கேட்பார். கேட்டாலும் டக்குனு சொல்லிடாதே. உங்கம்மா கையால ஒரு வேளை சாப்பிட்டுட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமா சொல்லு.

ஆரோக்கிய மாதா உன்னைப் பத்திரமா கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும் சித்தப்பா,
லூர்துசாமி