இரண்டு தலையணைக்கு எழுதிக் கொடுத்தவள்

அன்புள்ள சிட்டுவுக்கு, அம்மா எழுதுவது.

நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் படி ஏறும்போது தன் பங்குக்கு ஏதோ முனகுகிறது, மற்றபடி குறையில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கண்ணுக்குக் கொஞ்சம் தூக்கம் கொடுத்து நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டுதான் இதை ஆரம்பிக்கிறேன். ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். ஃபோனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரிம்மா விடு" என்பாய், நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். இது விடுகிற விஷயம் இல்லை. உனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்துவிட்டேன், எந்த இடத்தில் தப்பு என்று பத்து நாளாக யோசித்தும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது. முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

உன் மாமா தன் மெத்தைக் கம்பெனியின் புது கேட்லாக்குக்குப் பன்னிரண்டு மெத்தைக்கும் ஒவ்வொரு பக்கம் எழுதித் தரச் சொல்லி உன்னைக் கேட்டான் அல்லவா, நீயும் இவ்வளவு ஆகும், பாதி முன்பணம், திருத்தம் இரண்டு தடவை வரை சும்மா, மூன்றாவதிலிருந்து தனிக் கட்டணம் என்று அனுப்பினாய். அன்றைக்குச் சாயங்காலமே செருப்பைக்கூடக் கழற்றாமல் ஃபோனை நீட்டிக்கொண்டு வந்து நின்றான். "என்னக்கா இது, ரெண்டு டபுள் மெத்தை விலை கேக்குறா உன் மக. அதுல அட்வான்ஸ் வேற. நான் என்ன எழுதி வாங்கிட்டு ஓடிடுவேனா" என்றான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் திக்கென்றுதான் இருந்தது. பன்னிரண்டு பக்கத்துக்கு இவ்வளவா, அதுவும் தூக்கி வளர்த்த மாமாவிடமா என்று நினைத்தேன். தம்பி முகம் சுண்டினால் எனக்குத் தாங்காது என்று உனக்குத் தெரியும். "அவ கெடக்கா, நான் எழுதித் தர்றேன் போ" என்று முந்திரிக்கொட்டை மாதிரி சொல்லிவிட்டேன். முப்பது வருஷம் ஆபீசில் கடிதம் எழுதியவளுக்கு மெத்தை எந்த மூலைக்கு என்று ஒரு நினைப்பு. அந்த வாரம் நீ ஃபோனில், "மாமா வேண்டாம்னுட்டார்ம்மா, ரேட்டை அதிகமா சொல்லிட்டேனோ" என்று கேட்டாய். நான்தான் எழுதித் தரப்போகிறேன் என்பதை உன்னிடம் மறைத்தேன். அதுதான் இன்றுவரை நெஞ்சில் உறுத்துகிறது.

எழுத உட்கார்ந்தால் முதல் நாள் முழுக்க ஒரு வரி வந்தது, அதுவும் "மேற்படி மெத்தை தொடர்பாகத் தெரிவித்துக்கொள்வது" என்று ஆரம்பித்தது. அப்பா படித்துவிட்டு மெத்தைக்கு நோட்டீஸ் அனுப்புகிறாயா என்று கேட்டார். சரி, பார்க்காமல் எழுத முடியாது என்று கம்பெனிக்கே போனேன். பஞ்சு வெட்டுகிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, இந்த வயதில் பன்னிரண்டு மெத்தையிலும் ஏறிப் படுத்து எழுந்தேன். துணைக்கு வந்த உன் அப்பா நாலாவது மெத்தையிலேயே தூங்கிவிட்டார். அங்கே தையல் மேஸ்திரி நல்ல மனிதர், உள்ளங்கையை வைத்து அமுக்கிவிட்டு எத்தனை எண்ணுவதற்குள் மெத்தை மேலே எழும்புகிறது என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். பாதி மெத்தைக்குள் ஒரே சரக்குதான், உறை மட்டும்தான் வேறு என்றும் காதோடு சொன்னார். ஒரே சரக்கை ஆறு விதமாக எப்படிச் சொல்வது, பொய்யும் சொல்லக்கூடாது, எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. எழுதி முடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. அதற்கப்புறம் உன் மாமா "கொஞ்சமா மாத்துக்கா, அஞ்சு நிமிஷ வேலை" என்று ஏழு தடவை மாற்றச் சொன்னான். ஐந்தாவது தடவை வேண்டாம் என்று அடித்ததை ஏழாவது தடவை அது எங்கே போச்சு என்று கேட்டான். மூன்றாவதிலிருந்து தனிக் கட்டணம் என்று நீ எழுதியது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. மகளுக்குக் கறார் அதிகம் என்று நினைத்தேனே, உனக்கு எத்தனை பேர் இப்படிச் செய்திருப்பார்கள் என்று நினைத்து அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு ஒரு ஜோடித் தலையணை கொடுத்தான், நல்ல தலையணைதான். கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே, "பாத்தியாக்கா, ரெண்டு தலகாணில முடிஞ்ச வேலைக்கு உன் மக ரெண்டு மெத்தை கேட்டா" என்றான். எனக்குச் சுருக்கென்றது. பாசத்தில் செய்தது எப்படி உன் தலையில் வந்து விடிந்தது பார். வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அப்பா பேப்பரை மடக்காமலே, "உன் தம்பி நமக்கு என்னிக்காவது மெத்தையைச் சும்மா குடுத்திருக்கானா" என்கிறார். நாம் படுத்திருக்கும் மெத்தைக்கு அவனிடம் பில் வாங்கியிருக்கிறோம், அலமாரியில்தான் இருக்கிறது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான்.

சரி, அப்படியானால் நியாயமான விலை எது என்று உட்கார்ந்து யோசித்தேன், இன்னும் குழப்பம். மணிக்கு இவ்வளவு என்று வைத்தால் பதினோரு நாள் முக்கி முனகிய எனக்குத்தான் அதிகம், மூன்று நாளில் முடிக்கிற உனக்குக் குறைச்சல், தெரியாதவளுக்குக் கூலி அதிகமா? வார்த்தைக்கு இவ்வளவு என்றால், ஒன்பதாவது மெத்தைக்கு எழுதியது மொத்தமே நாலு வரி, அந்த நாலு வரிக்குத்தான் இரண்டு நாள் ஆனது, அதற்கு விலை தலையணை உறைக்குக்கூடக் காணாது. உன் மாமாவைக் கேட்டால் காசு மிச்சம் என்று பாதி வார்த்தையை அடித்திருப்பான். சொந்தக்காரனுக்கு ஒரு விலை, அசலாருக்கு ஒரு விலை என்றால் நமக்குச் சொந்தத்துக்கா பஞ்சம். நீ எப்படித்தான் ஒரு தொகையைத் தைரியமாக எழுதி அனுப்புகிறாயோ, அனுப்பிய பிறகு உனக்குத் தூக்கம் வருமா, இதெல்லாம் நான் உன்னைக் கேட்டதே இல்லை.

இதற்குமேல்தான் பெரிய வம்பு. மாமா வேலை முடிந்தால் அவன் சிநேகிதர் நாற்காலிக் கடைக்காரரும் தருவார் என்று காத்திருந்தாயே, அவரிடம் இவன் "எங்கக்கா எழுதுவா, தலகாணி குடுத்தா போதும்" என்று சொல்லிவிட்டான். கேள்விப்பட்ட அன்றே இரண்டு தலையணையையும் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போய் அவன் மேஜைமேல் வைத்தேன். "என் மக ரேட்டைக் குடுத்துட்டு இதை அச்சடி, இல்லேன்னா என் தாளைக் குடு" என்றேன். "நீயாக்கா இப்படிப் பேசுற" என்றான். நாலு நாளாகப் பேச்சு வார்த்தை இல்லை. தாளும் வரவில்லை, பணமும் வரவில்லை. நான் செய்தது சரியா, தம்பியையும் இழந்து உன் வேலையையும் கெடுத்தேனா, தெரியவில்லை.

நேற்று அந்த நாற்காலிக் கடைக்காரரே கூப்பிட்டார். என்ன வாங்குவீங்கம்மா என்று கேட்டார். "நான் எழுதுறதில்லை, என் மக எழுதுறா, அதுதான் அவ தொழில். அவ ரேட் ஜாஸ்தி" என்றேன். சொன்ன பிறகு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷமாக யார் கேட்டாலும் நீ ஏதோ கம்பெனியில் இருக்கிறாய் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், உனக்கும் அது தெரியும், நீ ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. என்னை மன்னித்துவிடு கண்ணு. முன்பணத்தையும் திருத்தக் கணக்கையும் சேர்த்தே சொன்னேன், அவர் உன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கூப்பிடுவாரா என்று தெரியாது. கூப்பிட்டால் கட்டாயம் பேரம் பேசுவார். விலை வைக்கத்தான் எனக்குத் தெரியாதே தவிர பேரத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை, அதனால் இந்த ஒன்றை மட்டும் கேட்டுக்கொள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிற மாதிரி போவார். கூப்பிடாதே. எத்தனையோ கடை வாசல் வரைக்கும் நான் அப்படிப் போயிருக்கிறேன், முதுகுக்குப் பின்னால் கூப்பிட்ட கடையில் இன்னும் குறைத்துத்தான் கேட்டிருக்கிறேன். கூப்பிடாத கடைக்குத்தான் திரும்பிப் போய், சொன்ன விலையைக் கொடுத்திருக்கிறேன்.

மாமா ஃபோன் செய்தால் எடு, பாசமாகவே பேசு, அவன் கெட்டவன் இல்லை, ரேட்டை மட்டும் குறைத்துவிடாதே. கண்ணாடியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா? நீ எழுதும் கைக்கு ஒரு குறையும் வராமல் நூறு வயது நன்றாக இரு. அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், தலையணை போன வருத்தம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

இப்படிக்கு,
பதினோரு நாள் உன் வேலையைச் செய்து பார்த்த
உன் அம்மா