ஏழாவது ஆள்

05.02.2025, புதன்

இன்றும் கூட்டம் நடக்கவில்லை. ஏழு பேர் இருந்தால்தான் நடத்தலாம். ஆறு பேர்தான் வந்தார்கள். உப்புவெளியில் கடலுக்கடியில் சுழியோடப் பழக்கும் கிரஹாம், அவர்தான் தலைவர்; நிலாவெளியில் ஹோட்டல் நடத்தும் அலிசன்; இன்னும் நான்கு பேர். அரை மணித்தியாலம் யன்னலால் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். றோல்ஸ் சாப்பிட்டார்கள். போனார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த வெளிநாட்டு வர்த்தகர் சங்கத்தில் நாற்பத்தொரு பேர். ஆங்கிலத்தில் கதைத்துச் சிரிக்க அவர்களுக்கு ஊரில் இருந்த ஒரே இடம். விசாக் கடிதம், சுங்கப் படிவம், கூட்டக் குறிப்பு எல்லாம் நான்தான். பதினான்கு வருடம்.

06.02.2025

றோல்ஸ் செய்து தரும் கிண்ணியா ஜெமீலா றாத்தா தொலைபேசியில். "அடுத்த மாசம் எத்தின போடட்டும் தங்கச்சி?" பன்னிரண்டு என்றேன். "முந்தி நூறு போட்டனான்" என்றார்.

05.03.2025, புதன்

ஆறு பேர். சங்கத்தை மூடிவிடலாம் என்றார் கிரஹாம். அவரும் ஊருக்குப் போகப்போகிறாராம். ஆனால் மூடுவதற்கும் ஏழு பேர் வேண்டும்! எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து குசினி அடுப்படியில் நின்று அழுதேன். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு யார் வேலை தருவார்கள்? கம்பஸில் படிக்கும் மகள் சிவாஜினிக்கு இன்னும் சொல்லவில்லை.

ஏழாவது ஆள் வரக்கூடாது. கோணேசப் பெருமானே, வரவே கூடாது.

18.03.2025, செவ்வாய்

என்னை உறுப்பினராக்கிவிட்டார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு நானாகவே கேட்டேன். சொந்தமாக மொழிபெயர்ப்பு அலுவலகம் தொடங்க நினைத்த காலம். சங்க உறுப்பினர் என்றால் ஆட்கள் நம்பி வருவார்கள். "ரூபி, நீங்கள் எங்கள் வீட்டு ஆள் மாதிரி. உறுப்பினராகி என்ன செய்யப்போகிறீர்கள்?" என்றார் கிரஹாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இருக்க வேண்டும் என்பது விதி. அதைத் தட்டச்சு செய்தவளும் நானே. அலுவலகம் அந்த நினைப்போடு சரி.

இன்று பூங்கொத்தோடு வந்தார். நிர்வாகக் குழுவில் மூன்று பேர் கையெழுத்து வைத்தால் கௌரவ உறுப்பினராம். கடவுச்சீட்டு தேவையில்லையாம். வாக்கும் உண்டாம். 'நீண்டகாலச் சேவைக்காக' என்று கடிதத்தில் இருக்கிறது. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், சந்தோசப்பட்டேன். பிறகுதான் விரல் மடித்து எண்ணினேன். ஆறும் ஒன்றும் ஏழு.

சீ. என்ன சீவியம் இது.

01.04.2025

நாளைக்குப் போகாமல் விட்டால் என்ன? நான் இல்லாவிட்டால் ஏழு இல்லை. ஜெமீலா றாத்தாவும் அதைத்தான் சொன்னார். "போகாதீங்க தங்கச்சி. என்ன செஞ்சிருவாங்க?"

ஆனால் சங்கக் கதவின் திறப்பு என்னிடம் இருக்கிறது. நான் போகாவிட்டால் ஆறு பேரும் வெயிலில் படிக்கட்டில் நிற்பார்கள். அலிசனுக்கு முழங்கால் ஏலாது. இதையெல்லாம் நான் ஏன் யோசிக்கிறேன்? என்னை யார் யோசித்தார்கள்?

02.04.2025, புதன்

போனேன்.

என் கதிரை எப்போதும் கதவடியில். இன்று மேசையில் அவர்களோடு இருந்தேன். "மூடுவதற்குச் சம்மதமானவர்கள்?" என்று கிரஹாம் கேட்டார். ஆறு கைகள் உயர்ந்தன. என் கை உயரவில்லை. அவர் என் பக்கம் பார்க்கவும் இல்லை. "ஒருமனதாக என்று எழுதுங்கள், ரூபி."

அவ்வளவுதான், முடிந்தது. றோல்ஸ் பதினான்கு சொல்லியிருந்தேன், எனக்கும் சேர்த்து. சாப்பிட ஏலவில்லை.

03.04.2025

கடைசிக் கூட்டக் குறிப்பு. வந்திருந்தோர் ஏழு பேர். சங்கம் மூடப்பட்டது. 'ஒருமனதாக' என்று அடித்தேன். பதினான்கு வருடமும் அவர் சொன்னதைத்தான் அடித்தேன். திரும்ப வாசித்தேன். அழித்தேன்.

ஆதரவு: ஆறு. எதிர்ப்பு: ஒன்று. பா. ஜெயரூபி, உறுப்பினர்.

ஏழு பிரதி எடுத்தேன். ஆறை உறைகளில் போட்டுப் பெயர் எழுதினேன். ஏழாவது என்னிடம் இருக்கிறது.