கூடையை இறக்கிய கணினி

வெள்ளிக்கிழமை, இரவு

எழுதப் பழகிய பிறகு இன்றுதான் ஒரு பக்கம் முழுவதும் எழுதப்போகிறேன்.

கரண்ட் போனாலும் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் விறகடுப்பு எரியும். சூடு மிஞ்சினால் கணினிதான் மணியடிக்கும். போன மாதம் கரண்ட் இல்லாதபோது அதன் பேட்டரி பாதியிலேயே தீர்ந்து, மணி அடிக்காமல் தேயிலைத் தூள் கருகியது. மறுபடி கருகினால் கணினிக்கு வேறு ஆள் பார்ப்பேன் என்று மேனேஜர், அதைப் பார்த்துக்கொள்ளும் என் மகள் மலரிடம் சொல்லியிருந்தார்.

பேட்டரி ஏன் தீர்கிறது என்று காலையில் மலரிடம் கேட்டேன்.

"ஒரு கணினிக்குள்ள நாலு கணினி ஓடுதுப்பா. வேலை இல்லாதப்பவும் உள்ள இருக்கறதுங்க ஓய்வே எடுக்கல."

"கொழுந்து பறிக்கறவங்க மழைக்கு ஒதுங்கியும் கூடையை இறக்காம நிக்கற மாதிரியா?"

"அதேதான்! இப்ப இறக்க விட்டுட்டேன். ஆனா லயத்து வீட்டுக்குப் போய்த் தூங்க விடல. கூப்பிட்டா வர லேட்டாகும்லா."

மதியம் சோதித்துப் பார்க்க மேனேஜரே மெயின் சுவிட்சை அணைத்தார். அரை மணி நேரம் ஆகியும் பேட்டரி தாங்கியது. அடுப்பில் சூட்டை ஏற்றியதும் மணி உடனே அடித்தது.

"போதும்லா மலர், போய் டீ குடி," என்றார்.

மலர் இன்று சீக்கிரமே தூங்கிவிட்டாள். இந்தப் பக்கத்தின் அடியில் இன்னும் இரண்டு வரி இடம் இருக்கிறது. இருக்கட்டும், நானும் கூடையை இறக்குகிறேன்.