வெறும் என்டர் தட்டினால்

மார்ச் 4

காலையில் ஆபீஸ் கிளம்பும் நேரத்தில் தாடி போனில் கூப்பிட்டான். தாடி என்பது நாங்கள் அவனுக்கு வைத்த பட்டப்பெயர். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டிக் கணினியிடம் வேலை வாங்க ஒரு ஷெல் — நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எழுதி இலவசமாகத் தருகிறோம். அவன்தான் தலைமை. லினக்ஸ், மேக், விண்டோஸ் எதுவானாலும் அதை நிறுவித் தரும் சின்ன நிரல், அதாவது ஸ்கிரிப்ட், என் பொறுப்பு. நிறுவி முடித்ததும் அது ஒரே ஒரு கேள்வி கேட்கும்: ‘இனி இதையே உங்கள் வழக்கமான ஷெல்லாக மாற்றட்டுமா?’

"அந்தக் கேள்விய எடுத்துடு. நேரா மாத்திடலாம். கேள்வி கேட்டா பாதியில ஓடிடறாங்க."

"ஓடட்டும். அவங்க கம்ப்யூட்டர், அவங்க கால்."

போனை வைத்துவிட்டான். இந்தப் பேச்சில் பஸ்ஸை விட்டேன்.

மார்ச் 5

அந்தக் கேள்வியை நான் எடுக்கவில்லை.

மார்ச் 9

ஓட்டெடுப்பு வைத்தார்கள். மூன்றுக்கு ஒன்று. அந்த ஒன்று நான். நான் பிடிவாதம் பிடிக்கிறேனாம், குழுவில் ஒருவன் எழுதியிருக்கிறான். ஆமாம், பிடிக்கிறேன். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் பழைய கணினிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, கால் நீட்ட இடமில்லாமல், ஒவ்வொன்றிலும் இதை ஓட்டிப் பார்ப்பவள் நான். அவர்கள் பார்ப்பது மடியில் இருக்கும் ஒன்றில்.

வீட்டுக்காரர் பல் டாக்டர். விஷயத்தைச் சொன்னேன். "வாயத் திறந்துட்டு உக்காந்திருக்கறவங்ககிட்டயே கேட்டுட்டுத்தான் நான் பிடுங்கறேன்" என்றார். இவரைக் கட்டிக்கொண்டது வீண்போகவில்லை.

மார்ச் 12

தாடி தானே கேள்வியை நீக்கிப் புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டான். அந்தக் கோப்பின் தலையில் ‘பராமரிப்பவர்’ என்று என் பெயர்! அடுத்தவங்க கம்ப்யூட்டர்ல கேக்காம கை வைப்பான், பேரு மட்டும் என் பேரா?

என் பெயரை எடுத்துவிட்டேன்.

மார்ச் 16

ஒரு நூலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா பதறிப்போய் எழுதியிருந்தார். புதுப் பதிப்பை நிறுவினாராம். மறுநாள் கணினி அவரை உள்ளேயே விடவில்லையாம். போன் செய்து விசாரித்தேன். பயந்தபடியேதான். அவருடைய கோப்புகள் பூட்டிய ஃபோல்டரில் இருக்கின்றன. லாகின் செய்தால்தான் அது திறக்கும். எங்கள் ஷெல் போய் உட்கார்ந்திருப்பதும் அதற்குள்ளேயே. லாகின் செய்யவோ ஷெல் வேண்டும். சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திய கதை.

வேறொரு கணக்கு வழியாக உள்ளே போய்ப் பழைய ஷெல்லுக்கு மாற்றச் சொல்லிக்கொடுத்தேன். "என்னக் கேட்டிருந்தா வேண்டாம்னுதானே சொல்லியிருப்பேன்?" என்றார். கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தாடியிடம் சொன்னால், "நூத்துல ஒருத்தருக்கு வர்றது" என்கிறான்.

"அந்த ஒருத்தர் நம்பர் தர்றேன். நீயே பேசு."

மார்ச் 17

பேசியிருக்கிறான். குரல் இறங்கியிருந்தது. ஆனாலும் ஒரு சமரசத்தோடு வந்தான்: கேள்வி திரும்ப வரும், பதில் எழுதாமல் வெறும் என்டர் தட்டினால் ‘சரி’ என்று எடுத்துக்கொள்ளும். "எல்லாரும் என்டர்தான் தட்டுவாங்க. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

எனக்கு என்ன நிம்மதி? வாய் திறக்காதவர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வதா? ஆபீஸ் கூட்டங்களில் நான் சும்மா உட்கார்ந்திருந்த போதெல்லாம் அப்படித்தானே ஊர்ப்பட்ட வேலையை என் தலையில் கட்டினார்கள்! அதையே நான் இன்னொருவருக்குச் செய்ய மாட்டேன்.

"வெறும் என்டர்னா ‘வேண்டாம்’. இல்லன்னா வேற ஆளப் பாரு."

மார்ச் 20

வேறு ஆள் பார்த்தார்களாம். அந்த ஆள் கை வைத்த ஸ்கிரிப்ட் மேக்கில் ஓடுகிறது, விண்டோஸில் படுத்துவிட்டது. சிரிக்கக் கூடாது. சிரித்தேன்.

மார்ச் 24

‘நீ சொன்னபடியே போடு.’ தாடி எழுதியது அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் இல்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. மேஜைக்கு அடியில் இருக்கும் எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு வெளியிட்டேன். பெயரையும் திரும்பப் போட்டேன்.

மார்ச் 29

நூலகத்து அம்மா துணிந்து மறுபடி நிறுவியிருக்கிறார். குழுவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார்: "கேட்டுச்சு. நான் ஒண்ணும் எழுதாம என்டர் தட்டிப் பாத்தேன். எதையும் தொடல."

அதற்குக் கீழே தாடி: "இதுக்கா இவ்ளோ சண்டை?"

"இதுக்குத்தான்" என்று எழுதினேன்.