ஒன்றாக விழுந்த இரண்டு

மூர்னா, நீயும் பிள்ளையும் நலமா? உன் இருமல் குறைந்ததா? மலேசியாவில் இந்த ரவூப் ஊர்த் தோட்டத்தில் நம் லொம்போக் தீவைவிட மழை அதிகம். மற்றபடி எனக்கு ஒரு குறையுமில்லை.

வியாழக்கிழமை அடித்த காற்றில் ஒரே கிளையிலிருந்து முள்ளும் கனமுமான இரண்டு டுரியான் பழங்கள் ஒன்றாக அறுந்தன. ஒன்று என் தலைக்கு நேராக வந்தது. இன்னொன்றை ஆடிய கிளை பக்கவாட்டில் வீசியது. சுற்றிப் போவது தாமதமாகத்தானே தரைக்கு வரும் என்று, நேரே வந்ததற்கு மட்டும் அந்தப் பக்கமாக விலகினேன். இரண்டும் ஒன்றாகவே இறங்கிவிட்டன. சுற்றி வந்தது தோளை லேசாக உரசியது, அவ்வளவுதான்.

"டுரியானுக்குக் கண்ணிருக்கு, ஆள்மேல விழாதுன்னு அளந்தியே? நல்லாத்தான் குறி பார்த்திருக்கு!" என்று கூட வேலை செய்யும் ஜுமாதி சிரிக்கிறான்.

முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை இருந்தால் அனுப்பு; தலைவழியே மாட்டுவது வேண்டாம். கடிதம் கொண்டுபோகும் லாரி கிளம்புகிறது, முடிக்கிறேன்.

உன் சஹ்னான்

பி.கு. கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. ஜுமாதி எழுதிப் பழகுகிறானாம்.