கட்டை என் கையில்தான் இருந்தது

நேற்று பெரிய வியாழன். மதியம் மூன்று மணிக்கு, பூசை உடுப்புகள் வைக்கும் சக்ரீஸ்து அறையில் அலமாரியைத் திறந்தேன். அங்கிகளுக்கு அடியில், ஊதாத் துணியில் சுற்றிய மரக்கட்டை கிடந்தது. பலகையில் சுத்தியல் வந்து மோதி டக் டக் என்று சத்தம் போடும் அதே கட்டைதான். பிடி விட்டுப்போன இடத்தில் நீ மோட்டாருக்குச் சுற்றும் செம்புக் கம்பியை வைத்துப் பதினெட்டு சுற்று இறுக்கியிருந்தாய். ஆணி அடிக்கலாமே என்றதற்கு, "ஆணி பிளக்கும்டா, கம்பி பிடிச்சுக்கும்" என்றாய். கம்பி கறுத்துவிட்டது, பிடி மட்டும் அசையவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய பெரிய வியாழனைப் பற்றி உன்னிடம் பேசவே முடியாமல் போயிற்று. நீ போய்ச் சேர்ந்த ஐப்பசி வரைக்கும் நேரம் இருந்தது. எனக்குத்தான் வாய் வரவில்லை. அதனால் இந்தக் கடிதம்.

அந்த வருஷம்தான் முதல்முதலாக நம் ஊர்க் கோயிலில் நான்கு பெண் பிள்ளைகள் பூசைக்கு உதவப் பீடத்தில் நின்றார்கள். அதற்காக நீயும் நானும் ஒரு வருஷம் பங்குப் பேரவையோடு மல்லுக்கட்டியிருந்தோம். "பையனுங்க தூங்கி வழியறானுங்க, பொண்ணுங்க கேட்டுக் கேட்டு வருது, உள்ள விட்டா என்னங்க கெட்டுப்போவுது?" என்று நீ பேரவைத் தலைவர் சவரிமுத்து அண்ணனிடம் கேட்டாய். ஒத்துக்கொண்டார், ஆனால் எப்போது வழுக்குவோம் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

வழுக்கியது நான்.

பெரிய வியாழன் பூசையில் ‘உன்னதங்களிலே’ என்ற பாட்டைப் பாடும்போது எல்லா மணியையும் அடிப்போம். அதோடு சரி. சனிக்கிழமை இரவு உயிர்ப்பைக் கொண்டாடும் பாஸ்காப் பூசையில் மறுபடி உன்னதங்களிலே பாடும்வரை ஒரு மணியும் ஒலிக்கக் கூடாது. அந்த மூன்று நாளும் மரக்கட்டைதான். பாட்டு முடிந்ததும் பீடத்தடியில் இருக்கிற கைமணியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கட்டையை வைக்க வேண்டும். அது என் வேலை. நீதான் சக்ரீஸ்து வாசலில் கட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, தூபம் போடும் பையனுக்குக் கரி பற்றவைக்கப் பின்பக்கம் போனாய்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தெரியும் உனக்கு. வாசலிலேயே நின்று போனை எடுத்து கிரிக்கெட் மேட்சில் டாஸ் யார் ஜெயித்தார்கள் என்று பார்த்தேன். பூசைக்கு வரும் பிள்ளைகளிடம் போனைப் பிடுங்கி வைக்கிற நான், ஞானோபதேச வகுப்பில் ஒரு தகப்பனையே போனுக்காகத் திட்டி அனுப்பிய நான். டாஸ் பார்த்தவன் அத்தோடு விட்டேனா, யார் யார் ஆடுகிறார்கள் என்றும் பார்த்தேன். பாதம் கழுவும் சடங்கு முடிந்தது தெரியவில்லை, காணிக்கைப் பவனி போனது தெரியவில்லை. ஃபாதர் அப்பத்தை உயர்த்திய நேரத்தில் கணகணவென்று கைமணி அடித்தது.

அடித்தவள் ரோஸ்லின். அப்போது ஆறாம் வகுப்பு. முன்வரிசையில் யாரோ "ஐயையோ" என்றார்கள்.

பூசை முடிந்து சவரிமுத்து அண்ணன் சக்ரீஸ்துக்குள் வந்தார். "இதுக்குத்தான் வேண்டாம்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். சொல்லிக் குடுத்தீங்களா இல்லையா?" என்று என்னைக் கேட்டார். ரோஸ்லின் அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்ன பதில் இது: "சொல்லிக் குடுத்தேண்ணே. புள்ள மறந்துருச்சு போல."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி குனிந்து அங்கியின் கையை மடித்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பேரவை கூடும், பெண்கள் பீடத்தில் நிற்பதா வேண்டாமா என்று அங்கே முடிவாகும் என்று சொல்லிவிட்டு அவர் போனார். நீ என்னைக் கொடிமரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாய்.

"கட்டை எங்கடா இருந்துச்சு?"

"ஜன்னல்ல வெச்சுட்டேன்."

"நான் உன் கையில குடுத்தேன். மணிச் சத்தம் கேட்டுத் திரும்பி வந்து பாக்கிறேன், உன் கையிலதான் இருக்கு. யாருகிட்ட கதை விடுற?"

எனக்குக் கோபம் வந்தது. மாட்டிக்கொண்டவனுக்குத்தானே முதலில் கோபம் வரும். நாலு பேர் மத்தியில் என் மரியாதை என்னாவது என்று கத்தினேன். "நாலு புள்ளைங்களோட மரியாதைடா அது" என்றாய் நீ.

வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு ஒரு குறுக்குவழி தோன்றியது. பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்று, கட்டையையும் போனையும் பிள்ளைமேல் பழி போட்டதையும் ஒன்றுவிடாமல் ஃபாதரிடம் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்தக் குழந்தைக்கு நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. அது உங்களுக்கே தெரியும்" என்றார். தலையை ஆட்டினேன். வெளியே வந்ததும் உன்னிடம், "சொல்லிட்டேன்டா, போதுமா?" என்றேன்.

நீ சிரித்த சிரிப்பு இன்னும் சுடுகிறது. "நல்ல ஆளுடா நீ! ஊருலயே வாயத் தொறக்க முடியாத ஒரே மனுசன்கிட்ட போயி சொல்லியிருக்க. பாவசங்கீர்த்தனத்துல கேட்டத அவரு செத்தாலும் வெளிய சொல்ல மாட்டாரு. நாளைக்குப் பத்து மணி வரைக்கும் உனக்கு டைம்."

அன்று இரவு நான் தூங்கவில்லை. சொல்லப்போகிற வாக்கியத்தை விடியும்வரை மனதில் ஓட்டிப் பார்த்தேன். நாலே வார்த்தை. சின்ன வாக்கியம்தான்.

சனிக்கிழமை கூட்டத்துக்கு நீ பேரவை உறுப்பினராக இல்லாமலே வந்து கதவோரம் நின்றாய், வேலை செய்த கிரீஸ் கையோடு. வெளியே நான்கு பிள்ளைகளின் அம்மாக்கள் வெயிலில் நின்றார்கள். ரோஸ்லினின் அம்மா நடவு, களை என்று வயல் வேலைக்குப் போகிறவர். அன்றைக்கு உளுந்து பறிக்கப் போகாமல் வந்திருந்தார். சவரிமுத்து அண்ணன் நேராகக் கேட்டார்: "மணியை எடுத்துட்டுக் கட்டையை வெக்க வேண்டியது யாரு? அது அந்தப் புள்ள வேலையா, பெரியவங்க வேலையா? அதச் சொல்லுங்க மொதல்ல."

நீ என்னைப் பார்த்தாய். நான் மேசையைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நீ எனக்காகக் காத்திருந்தாய், அது மட்டும் தெரியும்.

பிறகு நீ சொன்னாய்: "என் வேலைங்க. நான்தான் மறந்துட்டேன். புள்ளைங்க மேல தப்பு இல்ல."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைத்து என்ன பயன்? அடுத்த கணம் ஃபாதரைப் பார்த்தேன். அந்த அறையில் நீ சொல்வது பொய் என்று தெரிந்த இன்னொருவர் அவர்தான். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவே காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அந்த மனுஷனையும் சேர்த்துக் கட்டிப்போட்டிருந்தேன் நான்.

பெண் பிள்ளைகள் நிற்கலாம் என்று முடிவானது. உன்னைப் பீடப்பணியாளர் பயிற்சியிலிருந்து எடுத்தார்கள். பூசை நேரத்தில் சக்ரீஸ்துக்குள் வரக் கூடாது என்றார்கள். "சரிங்க" என்றாய். வெளியே வந்து, "ஏன்டா இப்படிப் பண்ணின?" என்று கேட்டேன். கேட்க எனக்கு நல்ல வாய்தான். "புள்ளைங்க உள்ள போயாச்சு. மிச்சத்த நீ பாத்துக்க" என்று வண்டியை உதைத்துக் கிளப்பினாய்.

அதன்பின் ஞாயிறுதோறும் நீ கோயிலுக்கு வெளியே, உன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றே பூசை கண்டாய். என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. மோட்டார், மழை, ஆற்றில் தண்ணீர் திறந்தது என்று எல்லாம் பேசினாய். அதை மட்டும் கேட்கவில்லை. மறந்துவிட்டாய் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். போன ஐப்பசியில், பட்டறையில் ஒரு மோட்டாரைப் பிரித்து வைத்தபடியே மாரடைப்பில் போய்விட்டாய். உன் அடக்கப் பூசையில் பின்னால் ஒருவர், "பாவம், அந்த மணி விஷயத்துலதான் பேர் கெட்டுது" என்றார். அப்போதும் நான் திரும்பவில்லை.

நேற்று கட்டையோடு ஃபாதரிடம் போனேன். "பூசைக்கு முன்னாடி மைக்குல ரெண்டு நிமிஷம் பேசணும் ஃபாதர்." என்ன விஷயம் என்று அவர் கேட்கவில்லை. எழுந்து போய் மைக்கை அவரே போட்டார்.

சொன்னேன்டா. கட்டை என் கையில்தான் இருந்தது, போன் பார்த்தேன், பிள்ளை மேல் பழி போட்டேன், நீ அதைச் சுமந்தாய். சவரிமுத்து அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். உன் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பூசையில் உன்னதங்களிலே பாடி முடிந்ததும் மணியை எடுத்துவிட்டுக் கட்டையைக் கொண்டுபோய்ப் பீடத்தடியில் வைத்தேன். ரோஸ்லின் சரியான நேரத்தில் டக் டக் என்று அடித்தாள்.

பூசை முடிந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது எட்டாவது படிக்கிறாள், சின்னப் பிள்ளைகளுக்கு அவள்தான் நிற்கவும் நடக்கவும் சொல்லிக் கொடுக்கிறாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் சார்" என்றாள். "ஃபாதர் அப்பத்தத் தூக்கும்போது கட்டையத் தேடினேன். உங்க கையில இருந்துச்சு. நீங்க நிமிரவே இல்ல. சத்தமே இல்லாம போயிரக் கூடாதுன்னுதான் மணிய அடிச்சேன்."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"அங்கிள்தான் சொல்லாதன்னாரு. 'அவனே வந்து சொல்லுவான், நீ பொறுத்துக்க'ன்னாரு. பூசை முடிஞ்சு வெளிய வந்தா வண்டிகிட்ட நிப்பாரு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும், 'சொன்னானா?'ன்னு கேப்பாரு. இல்ல அங்கிள்னு சொல்லுவேன். 'சரி, அடுத்த வாரம் பாப்போம்'னு கிளம்பிருவாரு."

எத்தனை ஞாயிறு என்று நேற்றிலிருந்து எண்ணிப் பார்க்கிறேன், முடியவில்லை. அத்தனை வாரமும் நீ என்னை நம்பி நின்றிருக்கிறாய். அதைத்தான் இனி நான் சுமக்க வேண்டும்.

நேற்று பூசை முடிந்து எல்லோரும் போனபின், நீ வண்டி நிறுத்துகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். ரோஸ்லின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு காலியாகக் கிடந்த அந்த இடத்தைப் பார்த்தாள்.

"சொல்லிட்டாரு அங்கிள்" என்றாள்.